ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

பயோமெடிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ் என்று சொன்னால் நம் வீடுகளில் மூன்று விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷின் கெட்டுப்போனால் ரிப்பேர் செய்கிறவன் என்பது ஒன்று. ஆஸ்பத்திரி பில் போடுகிற சாஃப்ட்வேர் எழுதுகிறவன் என்பது இரண்டு. டாக்டருக்கும் சீட் கிடைக்காமல், எஞ்சினீயரிங்கும் முழுசாகப் படிக்காமல் நடுவில் மாட்டிக்கொண்டவன் என்பது மூன்று.

மூன்றாவதைத்தான் எங்கள் செம்பூர் அத்தான் போனில் கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னார். "ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலுன்னு ஆயிரக்கூடாதுல்லா மாப்ளே." அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸோடு உயிரியலும் மருத்துவத் தகவலும் சேர்த்துப் படிக்கிற கூட்டுப் பட்டம் ஒன்று வேண்டும் என்கிறாள். அத்தானுக்குத் தனி கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் பத்திரம் என்று நினைப்பு. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வாங்கப்போவது அவர் பெயரில் கடன்.

நான் பதினைந்து வருஷத்துக்கு மேலாக இந்தத் துறையில்தான் பிழைக்கிறேன். பம்பாயில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து, பிறகு அமெரிக்கா வந்து மருத்துவத் தகவலியல் படித்து, இப்போது ஒரு மருத்துவமனையின் தரவுப் பிரிவில் வேலை. (மும்பை என்றுதான் எழுதவேண்டும். பழைய கதை பேசும்போது கை பம்பாய் என்றே தட்டுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) இங்கே பல தமிழ்க் குடும்பங்களிலும் இதே கேள்வி ஓடுகிறது. வேலை கிடைக்குமா, சம்பளம் எவ்வளவு என்று பலரும் எழுதிவிட்டார்கள். நான் கொஞ்சம் பின்னால் போகிறேன். நம்ம ஊரில், அதாவது தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று நாம் புழங்கிய பம்பாயில், இந்த இரண்டு படிப்பும் எப்படிச் சேர்ந்தன என்று பார்த்தால் அத்தான் கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு வரியில் விளக்கம். நோயாளியிடமிருந்து வரும் தகவலைச் சேர்த்து, பிழை நீக்கி, கணக்கிட்டு, சிகிச்சைக்கோ ஊர் சுகாதாரத்துக்கோ உதவும் முடிவாக மாற்றுவதுதான் இந்தத் துறை. இதில் 'சேர்த்து, பிழை நீக்கி' என்கிற இடத்தில்தான் முக்கால்வாசி வேலை. கணக்குப் போடுவது கடைசியில்.

இனி 1896-க்குப் போவோம்.

அந்த வருஷம் செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வியில் அகாசியோ வியேகாஸ் என்ற கோவாக்கார டாக்டர், தான் பார்த்த காய்ச்சல் பிளேக்தான் என்று கண்டுபிடித்துச் சொன்னார். அடுத்த ஜனவரியில் ஹாஃப்கின் தான் தயாரித்த தடுப்பூசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். இதெல்லாம் பலருக்குத் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத பக்கம் கணக்கெடுப்பு. யார் வீட்டில் யாருக்கு நோய், எந்தத் தெருவில் எத்தனை சாவு என்று தெரியாமல் எதுவும் செய்யமுடியாத நிலை அரசாங்கத்துக்கு. 1897-ல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. வீடு வீடாகச் சோதனை நடந்தது. சோதனைக்காரர்கள் வந்தால் நோயாளியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஜனங்கள் நோயை மறைத்தார்கள், பிணத்தைக்கூட மறைத்தார்கள். 1898 மார்ச்சில் கலவரமே வெடித்தது.

பிளேக் என்றால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான். பயமுறுத்திக் கணக்கெடுத்தால் கணக்கு பொய்யாகும். எத்தனை பெரிய மேதை அதை வைத்துக் கூட்டல் கழித்தல் போட்டாலும் விடை தப்பாகத்தான் வரும். இன்றைக்கு இந்தத் துறையின் பாடப்புத்தகங்களில் இதற்கு நீளமான பெயர்கள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். விஷயம் என்னவோ பழசுதான்.

அதே 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் அமைந்தது. நெரிசல்தான் பிளேக்குக்குக் காரணம் என்று முடிவு செய்து, வடக்கே வெளிச்சமும் காற்றும் வருகிற மாதிரி புதிய குடியிருப்புகளைத் திட்டமிட்டார்கள். தாதர், மாட்டுங்கா, சயான் பக்கம் அகலமான தெருக்களும் வட்ட வட்டமான சந்திப்புகளும் வந்தது அப்படித்தான். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி நடக்கும்போது நாம் ஒரு பழைய சுகாதாரத் திட்டத்தின் வரைபடத்துக்குள்தான் நடக்கிறோம். பிறகு அந்தப் புது மாட்டுங்காவுக்குத்தான் தென்னிந்தியக் குமாஸ்தாக்களும் ஸ்டெனோகிராஃபர்களும் குடும்பத்தோடு வந்தார்கள். 1932-ல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி, நாம் எஸ்.ஐ.இ.எஸ். என்கிறோமே, அது தொடங்கியது. பம்பாயின் ஆபீஸ் ரிஜிஸ்டர்களில் பாதி நம்மவர்கள் கையெழுத்தில் இருந்த காலம் ஒன்று உண்டு என்று பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

இன்னொரு பக்கம் தாராவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் தோல் பதனிட வந்த இடம். மித்தி ஆற்றங்கரைச் சதுப்பு நிலம். அத்தான் சொன்ன ஆறும் சேறும் அங்கே நிஜமாகவே உண்டு :-) அங்கே அகலத் தெருவும் வரவில்லை, காற்றுக்கு வழியும் வைக்கவில்லை. மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடந்தே போய்விடலாம். ஆனால் சுகாதாரக் கணக்கில் இரண்டும் இரண்டு தேசம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

அடுத்த கட்டம் 1963. பம்பாயில் இந்தியன் கேன்சர் சொசைட்டி, இந்தியாவின் முதல் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியது. அதன் பின்னால் இருந்தவர் டி.ஜே. ஜுஸ்ஸாவாலா என்ற அறுவை சிகிச்சை மருத்துவர். ஒரு ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளிகளை எண்ணுவது சுலபம். ஆனால் அதை வைத்து ஊரில் நோய் எவ்வளவு என்று சொல்லமுடியாது. பரேலில் இருக்கும் டாடா மெமோரியலுக்கு பீகாரிலிருந்தும் வருவார்கள், நம்ம ஊரிலிருந்தும் வருவார்கள். பம்பாயில் குடியிருப்பவர்களை மட்டும் பிரிக்கவேண்டும், எல்லா ஆஸ்பத்திரியிலிருந்தும் சேர்க்கவேண்டும், ஒரே ஆள் இரண்டு தடவை எண்ணப்படாமல் பார்க்கவேண்டும். பதிவேட்டின் ஆட்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் கேஸ் பேப்பர்களைப் பார்த்து எழுதினார்கள்.

அந்த எழுத்து வேலைக்குப் பலன் இருந்தது. பார்சிப் பெண்களிடம் மார்பகப் புற்று அதிகம், கருப்பை வாய்ப் புற்று குறைவு என்பது போன்ற வேறுபாடுகள் பம்பாய்க் கணக்கிலிருந்து தெரிந்தன. ஒரே நகரம், ஒரே தண்ணீர், ஆனால் சமூகத்துக்குச் சமூகம் நோய் மாறுகிறது. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்து, அதை யாரோ ஒருவர் பொறுமையாக நிரப்பியிருந்ததால்தான் இது தெரியவந்தது. பிறகு 1982-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் திட்டத்தில் பம்பாய், பெங்களூர், சென்னை மூன்றும் சேர்ந்தன. சென்னையில் அந்தப் பதிவேடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இருக்கிறது.

இங்கே கணினிக்காரர்களுக்கு ஒரு பெரிய புதிர் இருக்கிறது. இரண்டு ஆஸ்பத்திரியில் இரண்டு பெயர். இருவரும் ஒரே ஆளா, வேறு ஆளா?

கனடாவில் ஹோவர்ட் நியூகோம்ப் என்பவர் 1959-லேயே பிறப்பு, திருமணப் பதிவுகளைக் கணினி கொண்டு இணைக்கும் முறையை எழுதினார். 1969-ல் ஃபெலகி, சண்டர் என்ற இருவர் அதற்குக் கணிதம் அமைத்தார்கள். அதற்கும் முன்பே, 1918-லேயே, அமெரிக்காவில் சவுண்டெக்ஸ் என்று ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்து, மற்ற மெய்யெழுத்துகளை ஓசை வாரியாக எண்ணாக மாற்றுவது. ஸ்மித் என்பதை எப்படி எழுதினாலும் ஒரே எண் வரும்.

நம் பெயரைப் போட்டுப் பாருங்கள். அழகுமுத்து. இந்த 'ழ'வை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'இசட் எச்' போடுவார், இன்னொருவர் 'எல்' போடுவார். சவுண்டெக்ஸில் இசட்டுக்கு எண் 2, எல்லுக்கு எண் 4. முதலாமவர் ஏ-225, இரண்டாமவர் ஏ-425. முடிந்தது. கணினியைப் பொறுத்தவரை இரண்டு ஆட்கள்.

இது எனக்குப் பாடப்புத்தகத்தில் வந்த உதாரணம் இல்லை. என் அப்பா பெயரிலும் ஒரு 'ழ' உண்டு. தாராவியில் தோல் பட்டறையில் இருந்தவர். கடைசி இரண்டு வருஷம் பம்பாயில் மூன்று மருத்துவமனைகளுக்கு அலைந்தார். மராட்டிய வழக்கப்படி படிவத்தில் மூன்று கட்டம்: பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். நம்மிடம் குடும்பப் பெயர் ஏது? ஒரு இடத்தில் தாத்தா பெயர் அந்தக் கட்டத்தில் ஏறியது. இன்னொரு இடத்தில் ஊர்ப் பெயர். மூன்றாவது இடத்தில் கவுண்டரில் இருந்தவர் இனிஷியலையே குடும்பப் பெயராக்கிவிட்டார். 'ழ' மூன்று இடத்திலும் மூன்று விதம். ஒரு இடத்தில் எடுத்த பயாப்ஸி ரிப்போர்ட்டை அடுத்த இடத்தில் ஏற்கவில்லை, இது இந்த ஆளுடையதுதானா என்று சந்தேகம். மறுபடி சோதனை, மறுபடி காத்திருப்பு. அம்மா மூன்று சீட்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, "இது எல்லாம் அவுகதான் சார்" என்று ஒவ்வொரு ஜன்னலிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் கவுண்டரில் இருந்தவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை நூறு பேரோ. நான் இந்தத் துறைக்கு வந்ததற்குக் காரணம் கேட்பவர்களிடம் ஜீனோம், செயற்கை நுண்ணறிவு என்றெல்லாம் சொல்வதுண்டு. உண்மையான காரணம் அந்த மஞ்சள் பைதான்.

இப்போது இந்தியாவில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021-ல் நாடு முழுதும் வந்திருக்கிறது. ஆபா என்று 14 இலக்க எண் கொடுக்கிறார்கள். எண் ஒன்றானால் இந்தச் சிக்கல் குறையும். ஆனாலும் எண் இல்லாத பழைய பதிவுகளையும், எண்ணைச் சொல்லத் தெரியாத நோயாளியையும் இணைக்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு 'ழ' என்றால் என்ன என்றும் தெரிந்திருக்கவேண்டும், நிகழ்தகவும் தெரிந்திருக்கவேண்டும்.

சரி, பதிவேடு பரேலில். கணினி எங்கே இருந்தது? கொலாபாவில்.

டாடா இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஃபண்டமெண்டல் ரிசர்ச், சுருக்கமாக டி.ஐ.எஃப்.ஆர். அங்கே சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் ஒரு சிறு குழு, இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் கணினிகளில் ஒன்றை உருவாக்கியது. 1956-ல் சோதனை மெஷின் ஓடியது, 1960-ல் முழு மெஷின். 1962-ல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் வைத்தார். அதன் நினைவகம் 2,048 சொற்கள், ஒவ்வொன்றும் 40 பிட். இன்றைக்கு நம் கைப்பேசியில் ஒரு நல்ல போட்டோவுக்கு அதைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். நரசிம்மன் அதற்குப் பிறகு படங்களில் இருக்கும் வடிவங்களைக் கணினி எப்படிப் படிக்கலாம் என்று ஆராய்ந்தார். 1965-ல் கம்ப்யூட்டர் சொசைட்டி ஆஃப் இந்தியாவின் முதல் தலைவரும் அவர்தான்.

அதே 1962-ல் அதே டி.ஐ.எஃப்.ஆருக்கு ஒபைத் சித்திகி வந்து மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார். அதே வருஷம்தான் டாடா மெமோரியல் மருத்துவமனையும் அணுசக்தித் துறையின் கீழ் வந்தது. டி.ஐ.எஃப்.ஆருக்குப் பணம் வருவதும் அதே துறையிலிருந்துதான். செம்பூரைத் தாண்டினால் டிராம்பே, அங்கேயும் அதே துறையின் அணு ஆராய்ச்சி மையம். அணுசக்தி நகரில் நம்மவர்கள் எத்தனை குடும்பம் என்று செம்பூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆக, 1962-ல் பம்பாயில் ஒரே அரசுத் துறையின் நிழலில் கணினியும் இருந்தது, உயிரியலும் இருந்தது, நோயாளியும் இருந்தார். இல்லாதது மூன்றையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கிற ஒரு வகுப்பறை. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஹோமர் வார்னர் என்ற இதய மருத்துவர் 1960-களிலேயே அப்படி ஒரு துறையைத் தொடங்கிவிட்டார். நம் ஊரில் ஆட்கள் இருந்தார்கள், பட்டம் இல்லை.

பட்டம் இல்லாமலே செய்தவர்களில் பெரியவர் சென்னையில் இருந்தார். ஜி.என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் 1922-ல் பிறந்தவர், படித்தது இயற்பியல். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். சென்னையிலேயே இருந்த தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று. தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் எப்படி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-ல் சொன்னார். (தோல் பதனிடும் ஊர்க்காரனான எனக்கு இதில் ஒரு தனிப் பெருமை.) 1963-ல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து ராமச்சந்திரன் வரைபடத்தைக் கொடுத்தார். ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்கலாம், எந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டும் என்று காட்டும் படம் அது. இன்றைக்கும் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தேன் என்று யார் வந்தாலும், முதலில் இந்தப் படத்தில் போட்டுப் பார்த்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

அவர் செய்த இன்னொன்று நம் குடும்பங்களுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 1971-ல் ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். பல திசைகளிலிருந்து எடுத்த எக்ஸ்ரே நிழல்களை வைத்து உள்ளே இருக்கும் பொருளின் வடிவத்தைத் திரும்பக் கட்டுவது எப்படி? அதுவரை இருந்த வழியில் ஃபூரியே உருமாற்றம் என்ற கனமான கணக்கைப் போடவேண்டும். அன்றைய கணினிக்கு அது மலை. இவர்கள் அதற்குப் பதிலாக ஒரு எளிய வடிகட்டிக் கணக்கைக் காட்டினார்கள். அதே 1971 அக்டோபரில்தான் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மேக்குக்கும் 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது. சி.டி. படத்தைக் கட்டுவதற்கான வடிகட்டிகளில் ஒன்றுக்கு இன்றைக்கும் ராம்-லாக் என்றுதான் பெயர். ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன். இங்கே என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரப் பையன்கள் அதை ஏதோ ஒரு கம்பெனி பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இவரை எந்தக் காலில் சேர்ப்பது, ஆற்றிலா சேற்றிலா?

வகுப்பறைகள் பிறகு வந்தன. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 1987 வாக்கில் நாடு முழுக்க உயிரித் தகவல் மையங்களின் வலையமைப்பு ஒன்றைத் தொடங்கியது. புனே பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எல்லாம் அதில் இருந்தன, டிப்ளமோ படிப்புகளும் வந்தன. 2000-ல் மனித ஜீனோமின் முதல் வரைவு அறிவிக்கப்பட்டதும் ஒரு அலை அடித்தது. தெருவுக்குத் தெரு பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் கோர்ஸ். பல இடங்களில் ப்ரோக்ராமிங் ஒரு செமஸ்டர், உயிரியல் ஒரு செமஸ்டர், அதற்குள் ரெடிமேட் சாஃப்ட்வேரில் பொத்தானை அழுத்தக் கற்றுக்கொடுத்து சர்டிஃபிகேட் கொடுத்தார்கள். வெளியே வந்த பிள்ளைகளை ஐ.டி. கம்பெனியும் எடுக்கத் தயங்கியது, லேபும் எடுக்கத் தயங்கியது. அத்தானின் பயம் எங்கிருந்து வந்தது என்றால் இங்கிருந்துதான். அவர் கண்ணால் பார்த்த பிள்ளைகள் அவர்கள். அந்தப் பயத்தைச் சும்மா சிரித்துத் தள்ளிவிடக்கூடாது.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.டெக்கோடு இயற்கை அறிவியலில் ஆராய்ச்சிப் பட்டமும் சேர்ந்த இரட்டைப் பட்டம் கொடுத்துவருகிறார்கள். டெல்லி ஐ.ஐ.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் சயின்ஸும் உயிர் அறிவியலும் சேர்ந்த பி.டெக் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2023-ல் மருத்துவ அறிவியலும் பொறியியலும் சேர்ந்த நான்கு வருஷ பி.எஸ். படிப்பைத் தொடங்கியது. நம் பம்பாயிலேயே, பவாய் ஐ.ஐ.டி.யில் 2021-ல் கொய்ட்டா டிஜிட்டல் ஹெல்த் மையம் வந்தது. பி.டெக் படிக்கிற மாணவர்கள் அங்கே டிஜிட்டல் ஹெல்த்தை மைனராக எடுக்கலாம். 1962-ல் இல்லாமல் இருந்த வகுப்பறை அறுபது வருஷம் கழித்து அதே நகரத்தில் திறந்திருக்கிறது.

இந்தப் படிப்பு எதற்கு என்று ஒரே உதாரணத்தில் காட்டவேண்டும் என்றால் நான் 2020-ஐத்தான் சொல்வேன்.

ஏப்ரல் 1-ம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி. சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டரில் எட்டு லட்சத்துக்கு மேல் ஜனங்கள். இங்கே இருந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்த நம் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. அங்கே மாநகராட்சி ஊழியர்களும் அந்தப் பகுதி டாக்டர்களும் சந்து சந்தாகப் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். 1898 மாதிரி இல்லை. தெரிந்த முகங்கள் வந்தன, ஜனங்கள் கதவைத் திறந்தார்கள்.

அதே நேரத்தில் டி.ஐ.எஃப்.ஆரின் கணினி அறிவியல் ஆட்கள், சந்தீப் ஜுனேஜா, பிரகலாத் ஹர்ஷா, ராம்பிரசாத் சப்தரிஷி உள்ளிட்டவர்கள், பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி.யின் ராஜேஷ் சுந்தரேசன் குழுவோடு சேர்ந்து ஒரு மாதிரி நகரத்தைக் கணினிக்குள் கட்டினார்கள். ஒன்றேகால் கோடிப் பேர் கொண்ட பொம்மை மும்பை. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, பள்ளி அல்லது வேலையிடம், லோக்கல் ரயில். ஊரடங்கைத் தளர்த்தினால் என்ன ஆகும், ரயிலை ஓட்டினால் என்ன ஆகும் என்று அதில் ஓட்டிப் பார்க்கலாம். குடிசைப் பகுதியையும் மற்ற பகுதியையும் தனித்தனியாகவே வைத்தார்கள். இரண்டுக்கும் ஒரே கணக்கைப் போட்டிருந்தால் அந்த மாடல் குப்பை.

அது எவ்வளவு உண்மை என்று ஜூலையில் தெரிந்தது. நிதி ஆயோக், மாநகராட்சி, டி.ஐ.எஃப்.ஆர். மூவரும் சேர்ந்து மூன்று வார்டுகளில் ஏறக்குறைய 7,000 பேரின் ரத்தத்தில் எதிர்ப்பணு இருக்கிறதா என்று பார்த்தார்கள். மாட்டுங்கா, செம்பூர் மேற்கு, தஹிசர். குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம். மற்ற வீடுகளில் 16 சதவீதம். (இதைத் தாராவிக் கணக்கு என்று பலர் எழுதினார்கள். தாராவி வேறு வார்டு, இந்த ஆய்வில் அது இல்லை. ஒரு எண்ணைப் பார்த்ததும் எந்த இடத்து எண் என்று கேட்பதும் இந்தப் படிப்பில் ஒரு பாடம்.) நெரிசலும், பகிர்ந்துகொள்ளும் கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும்தான் காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

1898-ல் மாட்டுங்காவுக்கு அகலத் தெரு கொடுத்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்களை விட்டுவிட்டார்கள் என்றேன் அல்லவா? 122 வருஷம் கழித்து, அந்த வித்தியாசத்தின் அளவு அந்த மூன்று வார்டுகளில் 57-க்கும் 16-க்கும் நடுவில் எண்ணாக வந்து நின்றது. அதைக் கொண்டுவர வீட்டு வாசலில் நின்று ரத்தம் கேட்கத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது, சாம்பிள் எப்படி எடுப்பது என்று தெரிந்த ஆள் வேண்டியிருந்தது, எதிர்ப்பணு என்ன என்று தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவேண்டும், அதற்கு நடுவில் நிற்க ஒருவர் வேண்டும். அந்த நடு இடம்தான் இந்தப் படிப்பு.

ஆகவே அத்தானைப் போன்ற பெற்றோர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பட்டத்தின் பெயரைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். அல்காரிதம், டேட்டாபேஸ், புள்ளியியல் மூன்றும் தனி கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில், ஒரே பரீட்சையாக இருக்கிறதா? இருந்தால் வேலைக்குப் பயமில்லை, நாளைக்கு மனசு மாறினாலும் ஐ.டி. பக்கம் போய்க்கொள்ளலாம். உயிரியல் பகுதி வெறும் மனப்பாடமா, இல்லை லேபும் உண்டா? மிக முக்கியமாக, ஒரு செமஸ்டராவது ஆஸ்பத்திரிக்கோ, பதிவேட்டுக்கோ, களத்துக்கோ அனுப்புகிறார்களா? எண் பிறக்கிற இடத்தைப் பார்க்காமலே எண்ணோடு நாலு வருஷம் குடித்தனம் நடத்துகிற கோர்ஸ் என்றால், பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தனி கம்ப்யூட்டர் சயின்ஸே மேல். அத்தான் சொல்வது அப்போது சரி.

இந்த மூன்றும் இருந்தால் தைரியமாகச் சேர்க்கலாம். சேர்கிற பிள்ளையிடம் இன்னொன்றும் சொல்லிவையுங்கள். தமிழை விடவேண்டாம். எந்தப் படிவத்தில் யாருடைய பாட்டனார் பெயர் எந்தக் கட்டத்தில் மாறி ஏறியிருக்கிறது என்று நம் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். அது எந்தக் கல்லூரியிலும் பாடமாக இல்லை.

பாடத்திட்டம் கையில் வைத்துக்கொண்டு குழம்புகிறவர்கள் எனக்கு எழுதுங்கள். சனி ஞாயிறில் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். அக்கா மகளுடையதை ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டேன், புள்ளியியல் மட்டும் கொஞ்சம் குறைவாக இருக்கிறது.